டாரிஃப் போட்டால் கடை விலை எவ்வளவு ஏறும், தொழிற்சாலை வேலை எத்தனை திரும்பும்? அமெரிக்கக் கணக்கு

விலைச்சீட்டு:

அமெரிக்க இறக்குமதி வரி பற்றி இங்கே ஏற்கெனவே பல இழைகள் ஓடி, எல்லாமே கட்சிச் சண்டையில் போய் நின்றுவிட்டன. எனக்கு வேண்டியது கணக்கு மட்டும்.

25 சதவீத வரி என்றால் கடையில் 25 சதவீதம் ஏறுமா? அவ்வளவு ஏறாது என்கிறார்கள் சிலர், வரியை விட அதிகம் ஏறும் என்கிறார்கள் சிலர். எப்படி என்று இரு தரப்பும் போட்டுக் காட்டவில்லை. அடுத்து, அமெரிக்காவிலேயே செய்த பொருளுக்கு வரியே கிடையாது. அதன் விலையும் ஏன் சேர்ந்து ஏறுகிறது? கடைசியாக, உற்பத்தியை உள்நாட்டுக்குக் கொண்டுவர முடிவெடுத்த நாளிலிருந்து முதல் பெட்டி வெளியே வர எவ்வளவு காலம் ஆகும், அதில் எப்படிப்பட்ட வேலை கிடைக்கும்?

யார் ஆட்சி நல்லது என்ற பேச்சு வேண்டாமே, ப்ளீஸ்.

கஸ்டம்ஸ்_கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

வரியைக் கட்டுவது ஏற்றுமதி செய்யும் நாடு இல்லை. கஸ்டம்ஸ் படிவத்தில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கட்டுகிறார். பெரும்பாலும் அது ஓர் அமெரிக்க நிறுவனம். சரக்கு விடுவிக்கப்பட்ட 10 வேலை நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். மாதக் கணக்கில் கட்டும் வசதி வாங்கியிருந்தால் அடுத்த மாதத்தின் 15-வது வேலை நாள் வரை அவகாசம். வரி போடப்படும் மதிப்பு என்பது வெளிநாட்டு விற்பனையாளருக்குக் கொடுத்த விலை. கடல் கூலியும் காப்பீடும் அதில் சேராது. கடை விலை மேல் 25 சதவீதம் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக). தொழிற்சாலை விலை 20 டாலர். கப்பல் கூலி, துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு லாரி எல்லாம் சேர்த்து 2.50. சரக்குப் பதிவுக் கட்டணம் 0.3464 சதவீதம், துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125 சதவீதம், இரண்டும் சேர்ந்து 9 சென்ட். ஆக, கிடங்கில் வந்து இறங்கும்போது அடக்கவிலை கிட்டத்தட்ட 22.60. இறக்குமதியாளர் தன் விற்பனை விலையில் 30 சதவீதம் மார்ஜின் வைத்தால் கடைக்கு 32.29-க்குக் கொடுப்பார். கடைக்காரர் 45 சதவீதம் வைத்தால் 58.70. சீட்டில் 59.99 என்று ஒட்டுவார்கள்.

இப்போது 25 சதவீத வரி வருகிறது. 20 டாலர் மேல் 5 டாலர். அடக்கவிலை 27.60.

இருவரும் டாலர் அளவில் பழைய லாபமே போதும் என்று நின்றால் கடை விலை 63.70. ஏற்றம் 8.5 சதவீதம். இருவரும் சதவீத மார்ஜினை விடமாட்டோம் என்றால் 27.60 முதலில் 39.43 ஆகி, அடுத்து 71.69 ஆகிறது. ஏற்றம் 22 சதவீதம். 5 டாலர் வரிக்கு வாங்குபவர் 13 டாலர் கொடுக்கிறார். அதன் மேல் மாநில விற்பனை வரி வேறு, ஏறிய விலைக்கே கணக்கிடப்படும். ஆக, நீங்கள் கேட்ட இரண்டு தரப்பில் ஒரு தரப்பு சொல்வது முழுக்கச் சரி, மற்றது பாதி சரி. வரியின் சதவீதத்தை விடக் கடை விலையின் சதவீத ஏற்றம் குறைவாகவே இருக்கும். ஆனால் டாலர் கணக்கில் வரியை விட அதிகமாக ஏறலாம்.

சதவீத மார்ஜினைப் பிடித்துக்கொள்வதைப் பேராசை என்று உடனே சொல்லிவிட முடியாது. திரும்பி வரும் பொருள், உடைசல், கார்டு கட்டணம், ஆன்லைன் தளத்தின் கமிஷன் எல்லாமே விலையின் சதவீதமாகத்தான் போகின்றன. சரக்கு விற்றுக் காசாவதற்கு முன்பே வரியைக் கட்ட வேண்டியிருப்பதால் அந்தப் பணத்துக்கு வட்டியும் உண்டு.

நடைமுறையில் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். முதலில் தொழிற்சாலையிடம் பேரம் நடக்கும். அங்கே ஒரு டாலர் குறைத்தால் இறக்குமதியாளருக்கு 1.25 மிச்சம், ஏனென்றால் அந்த ஒரு டாலருக்கான வரியும் போகிறது. ஆனால் அமெரிக்கா 2018-19-ல் போட்ட இறக்குமதி வரிகளை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் அமிட்டி, ரெடிங், வைன்ஸ்டைன் கண்டது, வெளிநாட்டு விற்பனையாளர்கள் ஏறக்குறைய விலையைக் குறைக்கவே இல்லை, வரி முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர் தலையில் விழுந்தது என்பதுதான். எஃகு மட்டும் விலக்கு. காலம் போகப் போக வெளிநாட்டு ஆலைகள் கணிசமாக விலையை இறக்கின. அதே காலத்துக் கடை விலைகளைப் பார்த்த கவாலோ, கோபிநாத் குழுவினர், கடைக்காரர்கள் தங்கள் மார்ஜினில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததையும் காட்டினார்கள். ஒரு பெரிய சங்கிலிக் கடையால் அப்படித் தாங்க முடியும். பத்து பேர் வைத்து நடத்தும் இறக்குமதியாளரால் முடியாது.

அவரை முதலில் அடிப்பது வரிகூட இல்லை, பாண்டு, அதாவது வரி கட்டப்படும் என்று கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் உத்தரவாதப் பத்திரம். கஸ்டம்ஸில் தொடர் பாண்டின் குறைந்தபட்சம் 50,000 டாலர். கடந்த 12 மாதம் கட்டிய வரி, கட்டணங்களின் 10 சதவீதம் அதைத் தாண்டினால் பாண்டையும் உயர்த்த வேண்டும். ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் சரக்கு, 3 சதவீத வரி என்றால் கட்டுவது 1.2 லட்சம், குறைந்தபட்சப் பாண்டே போதும். அது 28 சதவீதமானால் 11.2 லட்சம். பத்தில் ஒரு பங்கு 1.12 லட்சம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அடுத்த லட்சத்துக்கு முழுமையாக்குவார்கள் என்பதால் 2 லட்சம் டாலர் பாண்டு தேவை. பாண்டு கொடுக்கும் நிறுவனம் ஈடு கேட்கும். பாண்டு போதாது என்று கஸ்டம்ஸ் கடிதம் வந்து, அதைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்த கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். இதற்கு முன்கூட்டியே புரோக்கரிடம் கணக்குப் பார்க்காதவர்கள் நிறைய.

இன்னொன்று, விலை உடனே ஏறாது. கிடங்கில் பழைய சரக்கு இருக்கும். வரி வருவதற்கு முன் அவசரமாக இறக்கிய சரக்கும் இருக்கும். மூன்று முதல் ஆறு மாதம் தள்ளித்தான் கடையில் தெரியும். "வரி போட்டும் விலை ஏறவில்லையே" என்று முதல் மாதத்திலேயே எழுதுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சலவைக்கல்:

இரண்டாவது கேள்விக்கு வாஷிங் மெஷினை விட நல்ல பாடம் இல்லை. அந்தக் கதை முழுவதும் எண்களாகவே கிடைக்கிறது.

2012 வாக்கில் தென் கொரியா, மெக்சிகோவிலிருந்து வரும் மெஷின்கள் மேல் தனியாகக் குவிப்பு எதிர்ப்பு வரி (நியாய விலைக்குக் கீழே விற்றுச் சந்தையில் குவிப்பதற்கு எதிரான வரி) பாய்ந்தது. சாம்சங்கும் எல்ஜியும் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. பிறகு சீனா மேல் வரி வந்தது; தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நகர்ந்தன. இவ்வளவு நடந்தும் அமெரிக்கக் கடையில் விலை பெரிதாக அசையவில்லை. ஒரு நாட்டை மட்டும் குறிவைக்கும் வரி ஓட்டைப் பானை. தொழிற்சாலை நகரும், ஆனால் அமெரிக்காவுக்கு வராது.

2018 ஜனவரியில் அறிவித்த பாதுகாப்பு வரி (பெருகும் இறக்குமதியிலிருந்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடுவது) வேறு மாதிரி. ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் பொருந்தியது. ஆண்டுக்கு முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். இப்போது தப்பிக்க வழியில்லை. விலை ஏறியது: ஃபிளாயன், ஹோர்டாச்சு, டின்டெல்நாட் மூவரின் ஆய்வுப்படி வாஷருக்குச் சராசரியாக சுமார் 12 சதவீதம், அதாவது 86 டாலர்.

இனி கவனியுங்கள். துணி உலர்த்தும் டிரையர் மேல் அந்த வரி இல்லவே இல்லை. அதன் விலை 92 டாலர் ஏறியது. காரணம் எளிது: அமெரிக்காவில் இரண்டையும் ஜோடியாக ஒரே விலைக்கு வைத்து விற்பார்கள். வாஷரை மட்டும் ஏற்றினால் சீட்டில் அசிங்கமாகத் தெரியும் என்று ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டார்கள். உள்நாட்டில் ஒஹாயோவின் கிளைடில் மெஷின் செய்யும் வேர்ல்பூலும் விலையை ஏற்றியது. போட்டியாளர் விலை 80 டாலர் மேலே போனால் தன் விலையை அப்படியே வைத்திருக்க எந்த விற்பனை மேலாளருக்கும் காரணம் கிடையாது. வரியே கட்டாத பொருளின் ஏற்றம் அரசுக்குப் போவதில்லை. தயாரிப்பாளருக்கும் கடைக்கும் போகிறது. அதனால்தான் வாங்குபவர்கள் ஆண்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது சுமார் 150 கோடி டாலர், கருவூலத்துக்கு வந்தது 8.2 கோடி.

வேலை வந்ததா என்றால் வந்தது. சாம்சங் தென் கரோலினாவின் நியூபெரியிலும், எல்ஜி டென்னசியின் கிளார்க்ஸ்வில்லிலும் ஆலை திறந்தன. வேர்ல்பூலும் ஆள் எடுத்தது. மொத்தம் சுமார் 1,800 வேலை. வரி வருமானத்தைக் கழித்துவிட்டு வகுத்தால், ஒரு வேலைக்கு ஆண்டுக்கு சுமார் 8 லட்சம் டாலர் வரும்.

இதற்கு முன்னால் 2009-ல் சீன டயருக்கு முதல் ஆண்டு 35 சதவீதம், அடுத்து 30, அடுத்து 25 என்று மூன்று ஆண்டு வரி போட்டார்கள். அங்கும் அதே கதைதான்: காப்பாற்றிய வேலை அதிகபட்சம் 1,200 என்றும், ஒரு வேலைக்கு 9 லட்சம் டாலர் செலவு என்றும் பீட்டர்சன் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. டயர் வேறு ஆசிய நாடுகளிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வர ஆரம்பித்தது.

ஷாப்ஃப்ளோர்:

மூணாவது கேள்வி நம்ம ஏரியா. ஆனா அதுக்கு முன்னாடி எஃகைப் பத்திப் பேசியே ஆகணும். வரி, வேலையைக் கொடுக்கறதும் இங்கதான், பறிக்கறதும் இங்கதான்.

2018 மார்ச்ல எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம். 2025 மார்ச் 12-ல இரண்டும் 25 ஆச்சு. ஜூன் 4-ல 50 ஆச்சு. அமெரிக்காவுல கிடைக்காத கிரேடுன்னா விலக்கு கேட்டு மனு போடற வழி முன்னாடி இருந்தது, அதையும் 2025-ல மூடிட்டாங்க.

ஒரு பிரஸ் ஷாப், வண்டிக்கு பிராக்கெட் அடிக்குதுன்னு வைங்க. ஒரு பிராக்கெட்டுக்கு 2 கிலோ காயில் (சுருளா வர்ற எஃகுத் தகடு). அமெரிக்காவுல டன் 1,000 டாலர், வெளியில 600-ன்னு வெச்சா (சும்மா ஒரு கணக்குக்கு), இங்க எஃகு 2 டாலர், அங்க 1.20. வித்தியாசம் 80 சென்ட். புரோகிரெசிவ் டைல (பல படி வேலையை வரிசையா தானே அடிச்சு முடிக்கற அச்சு) ஓடற பிராக்கெட்டுக்கு ஆள் கூலியே அவ்வளவு வராது. அதனால வெளிநாட்டுக்காரன் காயிலை அனுப்பறதை விட்டுட்டு பிராக்கெட்டாவே அடிச்சு அனுப்பறான். எஃகாலைல ஒரு ஷிப்டு கூடுது, பிரஸ் ஷாப்புல ஒரு லைன் நிக்குது. நாடு முழுக்க எஃகாலைகள்ல வேலை பார்க்கறவங்க ஒரு லட்சத்துக்கும் கம்மி. எஃகை வாங்கி எதையாவது செய்யற தொழிற்சாலைகள்ல இருக்கறவங்க அதுக்குப் பல மடங்கு. 2018 வரிகளை ஆராய்ஞ்ச ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி) ஆய்வு, உற்பத்தித் துறை வேலை மொத்தத்துல குறைஞ்சதுன்னு சொன்னது இதனாலயும், மத்த நாடுகள் திருப்பிப் போட்ட வரியாலயும்தான்.

ஓட்டையை அடைக்க 2025 ஆகஸ்ட்ல 407 பொருள் வகைகளை எஃகு, அலுமினிய வரிப் பட்டியல்ல சேர்த்தாங்க. அப்புறம் வந்த தலைவலி, பொருள்ல எஃகோட மதிப்பு எவ்வளவு, அது எந்த நாட்டுல உருக்கி வார்த்ததுன்னு சொல்ல வேண்டியிருந்தது. மூணு கை மாறி வந்த கீலுக்கு யார் மில் சர்டிபிகேட் (எஃகாலை கொடுக்கற சான்றிதழ்) வெச்சிருப்பா? மதிப்பைச் சொல்ல முடியலைன்னா பொருளோட முழு மதிப்புக்கும் வரி போட்டாங்க.

இப்ப உற்பத்தியை உள்ள கொண்டுவர்றது. இருக்கறதுலயே சுலபமானது பிளாஸ்டிக் பாகம், ஏன்னா மோல்டைத் தூக்கிட்டு வந்தா போதும்னு நினைப்போம். முதல் கேள்வி, மோல்டு யாரோடது? கான்ட்ராக்ட்ல தெளிவா இல்லைன்னா சப்ளையர் தரமாட்டான். வந்து சேர்ந்தா அதுக்கும் வரி. அப்புறம் மெஷின்ல ஏத்தும்போது டை பார் (மெஷினோட தூண்கள்) இடைவெளி பொருந்தாது, குளிர்நீர் இணைப்பு மெட்ரிக் த்ரெட்டா இருக்கும், இங்க என்.பி.டி.ங்கற அமெரிக்க த்ரெட், ஹாட் ரன்னர் கன்ட்ரோலர் (மோல்டோட சூட்டைக் கட்டுப்படுத்தற பெட்டி) பின் வேற. இதெல்லாம் ஒரு வாரத்துல சரி பண்ணலாம். சரி பண்ண முடியாதது சுருக்கம். அதே பேர்ல இங்க வாங்கற ரெசின் கிரேடு வேற மாதிரி சுருங்கும், துளை இடம் மாறும். மறுபடி மோல்டோட உள்குழியைத் திருத்தணும். புது மோல்டுன்னா 10-லிருந்து 16 வாரம், நல்ல டூல் ரூம் கிடைச்சா. வாகனக் கம்பெனிக்குப் போற பாகம்னா மாதிரி ஒப்புதல் வாங்கவே இன்னும் சில மாசம்.

ஏற்கெனவே கட்டடம், கரன்ட், காலி மெஷின் இருக்கற இடத்துல ஒரு லைன் போட என் கணக்குல 9 முதல் 15 மாசம். வெறும் நிலத்துல ஆரம்பிச்சா மூணு வருஷத்துக்குக் குறையாது. தடுக்கறது பெரும்பாலும் கட்டடம் இல்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கறாங்க. அதோட உள்ளகத்துக்குத் தேவைப்படற மின்காந்த எஃகை அமெரிக்காவுல செய்யறது ஒரே கம்பெனி, கிளீவ்லேண்ட்-கிளிஃப்ஸ். சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டற) மெஷின்ல பெரும்பகுதி ஜப்பான், ஜெர்மனி, தைவான்ல இருந்து வரணும், அதுக்கும் வரி. அமெரிக்கா இறக்குமதி செய்யறதுல ஏறக்குறைய பாதி, இந்த மாதிரி மெஷினும் மூலப்பொருளும் பாகமும்தான். ஆலையை இங்க கட்டுன்னு சொல்லிட்டு, ஆலை கட்டற சாமானுக்கே வரி போட்டா மூலதனச் செலவு ஏறும். எனக்கு இதுல சமாதானம் ஆகலை.

வேலை எப்படிப்பட்டதுன்னா, லைன்ல வரிசையா நின்னு திருகற வேலை அவ்வளவா வராது. கூலி அதிகமான ஊர்ல புதுசா போடற லைனை ரோபோ வெச்சுத்தான் போடுவாங்க, இல்லைன்னா கணக்கே கட்டாது. தேவைப்படறது மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், பி.எல்.சி. (மெஷினை இயக்கற கன்ட்ரோலர்) டெக்னீஷியன், டூல் அண்ட் டை மேக்கர். டை மேக்கர் உருவாக நாலு வருஷ அப்ரன்டிஸ், அதுக்கு மேல அனுபவம். சம்பளம் பத்தி ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. உற்பத்தித் துறைல மேற்பார்வை அல்லாத தொழிலாளியோட சராசரி மணிக்கூலி, மொத்தத் தனியார் துறைச் சராசரியை விட இப்ப குறைவு. பென்ஷன், மருத்துவக் காப்பீடு சேர்த்தா கொஞ்சம் ஈடாகும், அதுவும் கம்பெனி நேரடியா எடுத்தா. ஏஜென்சி மூலமா வந்தா அதுவும் இல்லை.

மறுகரை:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலர் என்ற கணக்கில் அந்த 1,800 பேர் நிறுவனங்கள் நேரடியாக எடுத்தவர்கள். ஆலைக்குப் பாகம் கொடுப்பவர், லாரி ஓட்டுபவர் அதில் இல்லை. மறுதிசையில், வரி இல்லாமல் திறந்துவிட்டதற்கும் விலை கொடுத்தாகிவிட்டது. 2000-ல் உற்பத்தித் துறையில் 1.7 கோடிக்கு மேல் ஆட்கள். 2010 தொடக்கத்தில் 1.15 கோடிக்கு அருகே. எல்லாம் இறக்குமதியால் இல்லை, இயந்திரமயமும் 2008 சரிவும் உண்டு. ஆனாலும் 1999-2011 காலத்தில் சீன இறக்குமதிப் போட்டியால் போன வேலை, தொடர் பாதிப்பையும் சேர்த்தால் 20 முதல் 24 லட்சம் என்று டேவிட் ஆட்டர், டேரன் அசெமொக்லு உள்ளிட்டோரின் ஆய்வு மதிப்பிடுகிறது. மலிவு விலையின் பலன் நாடு முழுக்கப் பரவியது, நஷ்டம் வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்கள் போன்ற சில இடங்களில் குவிந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் கொடுத்த கூட்டாட்சித் திட்டம் 2022 ஜூலையோடு புதிய மனுக்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. வரி வேண்டாம் என்பவர்கள் அந்த இடத்தில் என்ன வைப்பார்கள்?

ஆட்டர் குழுவே 2018-19 வரிகளையும் ஆராய்ந்து, பாதுகாக்கப்பட்ட துறைகளில் வேலை கணிசமாகக் கூடவில்லை, பதில் வரி விழுந்த விவசாயப் பகுதிகளில் குறைந்தது என்று எழுதியது எனக்கும் தெரியும். அதை மறைக்கவில்லை. விவசாயிகளுக்கு 2018-ல் 1,200 கோடி டாலர் வரை, 2019-ல் 1,600 கோடி டாலர் வரை ஈடுதொகை அறிவிக்க வேண்டிவந்தது. என் வாதம் வேறு. ஒரு வருடம் போட்டு, மறு வருடம் எடுத்து, இடையில் பேரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த வரியை அளந்துவிட்டு, வரியே வேலை செய்யாது என்று முடிவுகட்டுவது சரியா?

சலவைக்கல்:

நியாயமான கேள்வி. நீண்ட காலம் நின்ற வரிக்கும் உதாரணம் இருக்கிறது. 1960-களில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட, பதிலடியாக 1964-ல் இலகு ரக டிரக்குகளுக்கு 25 சதவீதம் போட்டார்கள். கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, டிரக் வரி அறுபது ஆண்டாக நிற்கிறது. அது வேலை செய்ததா? ஒரு பொருளில் செய்தது. நிசான் 1983-ல் டென்னசியின் ஸ்மர்னா ஆலையில் முதலில் செய்த வண்டி பிக்கப். டொயோட்டா டண்ட்ராவை டெக்சாஸின் சான் அன்டோனியோவில் செய்கிறது. வரி எடுக்கப்படாது என்று எல்லோரும் நம்பியதால் ஆலை கட்டினார்கள்.

பக்கவிளைவும் உண்டு. வெளிநாட்டுச் சிறிய பிக்கப்புகள் சந்தையிலிருந்து மறைந்தன. போட்டி குறைந்த பெரிய பிக்கப்தான் டெட்ராய்ட்டுக்கு இன்று கொழுத்த லாபம் கொடுக்கிறது. அந்த லாபம் வாங்குபவர் கொடுத்தது. வரியைச் சுற்றிப் போகும் வித்தைகளும் முளைத்தன. ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் சரக்கு வேன்களைப் பின் இருக்கை, ஜன்னலோடு பயணிகள் வண்டியாக இறக்கி 2.5 சதவீதம் கட்டிவிட்டு, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றியது. வழக்கு இழுத்து, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

ஷாப்ஃப்ளோர்:

மறுகரை சார் சொன்னதுல எனக்கு ஒப்புதல் இருக்கற இடம் அந்த நிச்சயம்தான். ஸ்டாம்பிங் பிரஸ் வாங்கினா குறைஞ்சது ஏழெட்டு வருஷம் ஓட்டிக் கணக்கை நேர் பண்ணணும். பிரிவு 232 (எஃகு வரி மாதிரி, நாட்டுப் பாதுகாப்பைக் காட்டிப் போடறது), 301 (மத்த நாட்டோட முறையற்ற வணிகத்துக்குப் போடறது) வரி எல்லாம் அதிபர் கையெழுத்துல ஏறும், அதே கையெழுத்துல இறங்கும். பிரிவு 122-ன்னா (வெளிநாட்டுக் கணக்குப் பற்றாக்குறைக்குப் போடற தற்காலிக வரி) சட்டப்படியே 15 சதவீதத்துக்கு மேல போகாது, 150 நாளுக்கு மேல நாடாளுமன்றம் நீட்டணும். 150 நாளை நம்பி யாரும் அஸ்திவாரம் தோண்டமாட்டான், ஷிப்மென்டை முன்ன பின்ன தள்ளுவான், அவ்வளவுதான். 2002-ல எஃகுக்கு 30 சதவீதம் வரைக்கும் போட்டு 2003 டிசம்பர்ல எடுத்தாங்க, அதுக்குள்ள புது உலை யாரும் கட்டி முடிச்சிருக்க முடியாது.

சட்டமா எழுதின சலுகை வேற மாதிரி. 2025 வரிச் சட்டத்துல, அந்த வருஷம் ஜனவரி 19-க்கு அப்புறம் வாங்கின மெஷினை முதல் வருஷமே முழுசாத் தேய்மானம் எழுதலாம். உற்பத்திக் கட்டடத்துக்கும் அப்படியே, 2029 பிறக்கறதுக்குள்ள கட்ட ஆரம்பிச்சுடணும். சி.எஃப்.ஓ. (கம்பெனியோட நிதித் தலைவர்) கணக்குல இதைத்தான் முதல்ல போடுவார். சிப் தொழிற்சாலையும் அப்படித்தான். தைவான் சிப் கம்பெனி டி.எஸ்.எம்.சி. அரிசோனா ஆலையை 2020 மே மாசம் அறிவிச்சது, பெருமளவு உற்பத்தி 2024 கடைசில. அதுக்குப் பின்னால 660 கோடி டாலர் மானியமும் 25 சதவீத முதலீட்டு வரிச்சலுகையும் இருந்தது. அதுலயும் மெஷின் பொருத்தத் தேர்ந்த ஆள் பத்தலைன்னு நடுவுல தாமதம் அறிவிச்சாங்க.

அறிவிப்பை மட்டும் வெச்சு வேலையை எண்ணாதீங்க. விஸ்கான்சின்ல ஃபாக்ஸ்கான் 2017-ல சொன்னது 1,000 கோடி டாலர், 13,000 வேலை. 2021-ல மாநிலத்தோட திருத்தி எழுதின ஒப்பந்தத்துல 67.2 கோடி டாலர், 1,454 வேலை. ஒரு அறிவிப்பைப் பார்த்தா நான் தேடறது மூணு: காற்று மாசு அனுமதி விண்ணப்பிச்சாச்சா, மின் வாரியத்தோட லோடு ஒப்பந்தம் போட்டாச்சா, மெஷினுக்கு முன்பணம் போச்சா. மூணும் இல்லைன்னா அது பத்திரிகைச் செய்தி.

விலைச்சீட்டு:

மிக்க நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சின்னக் கேள்வி. வாங்கும்போது எது உள்நாட்டில் செய்தது என்று நம்பிப் பார்க்க வழி உண்டா? வரி தவறாகப் போடப்பட்டது என்று பின்னால் திரும்பக் கிடைத்தால், அந்தப் பணம் வாங்கியவருக்கு வருமா?

சலவைக்கல்:

கார் என்றால் வி.ஐ.என். எண்ணின் (வண்டியின் அடையாள எண்) முதல் எழுத்தைப் பாருங்கள். 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் கட்டியது, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜெ ஜப்பான், கே தென் கொரியா, டபிள்யூ ஜெர்மனி. புதிய காரின் ஜன்னல் சீட்டில் பாகங்களில் எத்தனை சதவீதம் உள்நாட்டுடையது, இன்ஜினும் கியர்பாக்ஸும் எந்த நாடு என்று இருக்கும். ஆனால் அந்தச் சதவீதம் அமெரிக்காவையும் கனடாவையும் ஒன்றாகக் கூட்டுவது. உள்ளூரில் கட்டிய வண்டியிலும் வெளிநாட்டுப் பாகம் நிறைய இருக்கும், பாகங்களுக்கும் 2025 மே முதல் 25 சதவீத வரி விழுந்தது. அதனால் முதல் எழுத்து 1 என்பதால் விலை ஏறாது என்று எண்ண வேண்டாம். பழுது பார்க்கும் செலவும், அதைத் தொடர்ந்து காப்பீட்டுப் பிரீமியமும் அந்தப் பாக விலையோடுதான் நகரும்.

மற்றப் பொருளுக்கு, அமெரிக்கத் தயாரிப்பு என்று வேறு வார்த்தை சேர்க்காமல் அச்சிட வேண்டுமானால் எல்லாமே அல்லது ஏறக்குறைய எல்லாமே உள்நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்பது எஃப்.டி.சி. (கூட்டாட்சி வணிக ஆணையம்) விதி. அமெரிக்காவில் வடிவமைத்தது, பொருத்தியது என்றெல்லாம் இருந்தால் உள்ளே வேறு நாட்டுச் சரக்கு இருக்கும்.

கஸ்டம்ஸ்_கணக்கு:

திரும்பக் கிடைக்கும் பணம் இறக்குமதியாளர் பெயருக்குத்தான் போகும். கடையில் வாங்கியவர் பெயர் கஸ்டம்ஸ் கணக்கில் எங்கும் இல்லை. ஒரு எண்ட்ரி (இறக்குமதிப் பதிவு) சாதாரணமாக 314 நாளில் இறுதியாகும், அதிலிருந்து 180 நாளுக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். தேதி தவறினால் பொதுவாகக் கதவு மூடிவிடும். வரி கட்டிய சரக்கை மறுபடி ஏற்றுமதி செய்தவர் டிராபேக் (கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது) கேட்டால் 99 சதவீதம் வரை வரும், இறக்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள். ஆனால் 2025 விதிப்படி பிரிவு 232 எஃகு, அலுமினிய வரிக்கு அந்த வழியும் இல்லாமல் இருந்தது.

வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 800 டாலருக்குள் வரியில்லை என்ற பழைய வசதி சீனா, ஹாங்காங் பொருளுக்கு 2025 மே 2-லும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29-லும் நின்றுவிட்டது. இப்போது கூரியர் வரியோடு தன் புரோக்கர் கட்டணத்தையும் சேர்த்து பில் அனுப்பும். 30 டாலர் பொருளுக்கு அந்தக் கட்டணமே வரியை மிஞ்சலாம். வரி விற்பனையாளர் கணக்கில் கட்டப்பட்டதா, வாங்குபவர் கணக்கில் வருமா என்பதை ஆர்டர் போடும் பக்கத்திலேயே பார்த்துவிட்டு அழுத்துங்கள். பெட்டி வாசலுக்கு வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பினால் போன கூலி பெரும்பாலும் உங்களுடையது.